பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

“போயிட்டுக்கா. மறந்துருங்க.”

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அந்தத் தம்பி இதைச் சொல்லும்போது என் ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அவர் சொன்னதைவிட அந்த ஆட்டல்தான் எனக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது. உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடப்பதை யாராவது பிடித்து உலுக்குவார்களா? “தம்பி, மொதல்ல அதைக் கீழ வைங்க,” என்றேன்.

வைத்தார். வைத்துவிட்டு, “சென்னைக்கு வேணா அனுப்பலாம்க்கா. பிரிச்சு எடுத்து, உள்ள இருக்கதை ஒவ்வொண்ணா ஓபன் பண்ணிப் பாத்துட்டு, வருமா வராதான்னு சொல்லுவாங்க. நாளாவும்,” என்றார்.

“யாரு ஓபன் பண்ணிப் பாப்பாங்க?”

“அங்கன வேலை பாக்குற பையங்கதான்.”

அந்த வார்த்தையோடு டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தத் தம்பி மேல் தப்பில்லை. ஆனால் அடுத்தவர் பொருளைப் பற்றி ‘மறந்துருங்க’ என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

அந்தப் பையன்கள் ஏன் பார்க்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவள். மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் ஆண் கேமராக்காரர் போக முடியாது. அதனால் அந்த வீடுகளுக்கெல்லாம் நான்தான். கதவு சாத்தியதும் அங்கே வேறு ஓர் உலகம். தலைத் துணியை எடுத்து, பூ வைத்து, கேலி பேசி, கைதட்டிப் பாட்டுப் பாடுவார்கள். வாசலில் வாயே திறக்காத பெண்கள் உள்ளே வந்து ஆடுகிற ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நிற்பது நான் என்பதால்தான் அந்த ஆட்டம். நான் சாமி கும்பிடுகிறவள், அவர்கள் தொழுகிறவர்கள். அதை இதுவரை யாரும் ஒரு பேச்சாக எடுத்ததில்லை. நான் பெண்ணா, வாய்ச்சொல் காப்பாற்றுகிறவளா, இந்த இரண்டுதான் அவர்களுக்கு வேண்டியது.

நிபந்தனையும் உண்டு. வீடியோ என் ஒருத்தியிடம் மட்டும் இருக்க வேண்டும். இரண்டாவது பிரதி எடுத்து வைக்கக் கூடாது. இன்டர்நெட்டில் ஏற்றக் கூடாது. வீட்டு ஆட்கள் பார்த்து முடித்ததும் அவர்கள் கண் முன்னால் அழித்துவிட வேண்டும். எதிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்துச் சொல்லுவார்கள், நானும் சரி என்பேன். மற்ற கல்யாணங்களை இரண்டு டிஸ்க்கில் போட்டு வைக்கிற நான், இப்படி வாக்குக் கொடுத்து எடுத்த கடைசிக் கல்யாணத்தை ஒன்றில் மட்டும்தான் வைத்திருந்தேன். கேமராவில் இருந்த கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று.

அந்த ஒன்றுதான் பழுதாகிவிட்டது. அதற்கும் ஒரு கதை உண்டு.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஆயுத பூஜை வந்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. இரும்பாகக் கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். பட்டறை முடித்து வீட்டுக்கு வந்து, பைக், தையல் மெஷின், அரிவாள்மனை, கேஸ் அடுப்பு, என் கேமரா ஸ்டாண்டு என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர், மேஜை மேல் மூடியில்லாத ஸ்டாண்டில் செருகி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கையும் விடவில்லை. அதில் ஒரு பக்கம் வழவழப்பான தகடு, மறுபக்கம் பச்சை நிறச் சர்க்யூட் போர்டு. போர்டு இருக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்தாராம். முகத்தில் வைத்தால்தானே பொட்டு? சந்தனத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் குழைத்து, போர்டின் ஓரத்தில் கட்டை விரலால் அழுத்தி வைத்திருக்கிறார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் நான் பார்த்தபோது மேலே காய்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். உள்ளே வடிந்தது யாருக்குத் தெரியும்? சில நாள் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் ஸ்விட்சைப் போட்டால் ‘டிக், டிக்’ என்று பல்லி மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது.

கம்ப்யூட்டர் கடையிலிருந்து நேராகக் கல்யாணப் பெண்ணின் உம்மா வீட்டுக்குப் போனேன். ஒளித்து வைத்துப் பேசுவது எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். அந்த அக்கா அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார்: “புள்ளையோட வாப்பா தெனமும் கேக்காவ தங்கச்சி. ஆம்பளைங்க பக்கத்து வீடியோ என்னைக்கோ வந்துட்டு. அதுல எம்புள்ள மொகம் இல்லியேன்னு கேக்காவ.”

பெண்ணின் வாப்பா வளைகுடாவில் டிரைவர். மகள் கல்யாணத்துக்கு லீவு வாங்கி, டிக்கெட்டும் போட்ட பிறகு, கடைசி நேரத்தில் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நிக்காஹ்வில் அவர் இடத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் உம்மா பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டும் நேரத்தில் போனில் வாப்பாவுக்குக் காட்டலாம் என்று பிடித்தார்கள். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் படம் உறைந்து நின்றுவிட்டது. ஆக, பெற்ற தகப்பன் மகளை மணப்பெண்ணாகப் பார்க்க இந்த உலகத்தில் ஒரே வழி என் மேஜையில் செத்துக் கிடந்தது. அந்த அக்காவின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார். பெண்ணுக்குத் தாய்மாமா என்பதால் அவர் கையில் கொடுத்து அனுப்புவதில் தடையில்லை. அவரை விட்டால் நம்பிக் கொடுக்க ஆள் கிடையாது.

அந்த அக்கா புளியங்குடியில் மாமியார் வீட்டில் இருந்த மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “அக்கா, கடையில மட்டும் கொடுத்துராதிய. அன்னைக்கு எல்லாரும் உங்களை நம்பித்தான் தலைத் துணிய எடுத்தாவ. வாப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். போனாப் போவுது.”

சொல்லும்போது குரல் உடைந்ததைக் கேட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு ‘போனாப் போவுது’ என்று சொல்ல எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது, அதன் மேல். “நீ வாப்பாட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். கடைக்கும் கொடுக்க மாட்டேன். நான் எடுத்துத் தாரேன்,” என்று சொல்லிவிட்டேன். எப்படி எடுப்பேன் என்று அப்போது எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

எங்கள் வட்டாரக் கேமராக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பெண் நான் ஒருத்திதான். விஷயத்தைப் போட்டேன். ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருவர் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். ஒருவர் அரிசிக்குள் புதைக்கச் சொன்னார். ஒருவர் செங்கோட்டைப் பக்கம் கைராசிக்காரர் ஒருத்தர் தட்டினால் ஓடும் என்றார். இன்னொரு புத்திசாலி, “அக்கா, மிக்ஸில போட்டு ஒரு சுத்து விடுங்க,” என்று எழுத, அதற்குக் கீழே மற்றவர்கள் சிரிப்புப் படங்களாகக் கொட்டியிருந்தார்கள். “ஒங்க தலையையும் சேத்துப் போடணும், எங்கன இருக்கிய?” என்று பதில் போட்டேன்.

குற்றாலம் ரோட்டில் பெரிய ஸ்டூடியோ வைத்திருக்கிற அண்ணாச்சி மட்டும் நேரில் வந்தார். தொழிலில் எனக்கு மூத்தவர். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எதுக்கும்மா இந்தப் பாடு படுதிய? பொண்ணைக் கூப்ட்டு மறுபடியும் உடுத்தி, கருகமணி கட்டுத மாதிரி ஒரு அஞ்சு நிமிசம் எடுத்துருங்க. நான் எடிட்ல சரி பண்ணித் தாரேன். அங்கன கெடக்க மனுசனுக்கு என்ன தெரியப் போவுது?”

“பெத்தவனுக்கா தெரியாது, அண்ணாச்சி?”

“நல்லதுக்குத்தானே சொல்லுதேன்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்லுதிய. அதுவும் நான் சமைக்க, அவரு சாப்பிட.”

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் வருத்தப்படவில்லை. பாலைவனத்து வெயிலில் லாரி ஓட்டி இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த மனிதரை, அவர் மகளை வைத்தே ஏமாற்ற ஒரு கூட்டம் கூடுமா? வீடியோ இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வேன். பொய் வீடியோ என் கையிலிருந்து போகாது.

அன்று முழுக்க உட்கார்ந்து படித்தேன், பார்த்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் போனில் போட்டுத் தமிழாக்கிப் படித்தேன். எந்த ஊரிலோ எவனோ ஒருவன் தன் டிஸ்க்கைக் கழற்றிக் காட்டும் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இரண்டு விஷயம் பிடிபட்டது. தகடுகள் சுழலும் அந்தப் பெட்டியின் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே ஒரு தூசி விழுந்தால் கதை முடிந்தது. ஆனால் வெளியே இருக்கிற பச்சைப் போர்டைக் கழற்றலாம். போர்டின் அடியில் சில செம்புப் புள்ளிகள் உண்டு. பெட்டிக்குள் இருக்கிற கருவிகளோடு போர்டு பேசுவது அந்தப் புள்ளிகள் வழியாகத்தான். ஈரம் பட்டால் அவை கறுத்துப் போகும்.

ஈரம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தனம் ஞாபகம் வந்தது.

போர்டைப் பிடித்திருந்த திருகுகளின் தலை நட்சத்திர வடிவம், கடுகு மாதிரி பொடிசு. நம்மிடம் இருக்கிற எதுவும் அதற்குள் போகாது. வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டுக்குப் பக்கத்தில் டிஸ்க்கை வைத்து நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “நல்ல சந்தனம்ட்டி அது,” என்றார்.

“சந்தனம் நல்லதுதான். வச்ச எடம்தான் வெளங்கலை.”

கை கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போனவர், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியை அராவி அராவி அந்த நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற மாதிரி செய்து கொண்டுவந்தார். அதை என் கையில் கொடுக்கும்போது அதற்கும் பொட்டு வைத்திருக்கிறாரா என்று திருப்பிப் பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருகுகளைக் கழற்றிப் போர்டைத் தூக்கினால், நான் நினைத்தபடியே அடியில் சந்தனம் வழிந்து காய்ந்து அப்பிக் கிடந்தது. செம்புப் புள்ளிகள் பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தன. போதாததற்கு அந்த வாரம் முழுக்க மழை. குற்றாலத்தில் வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை. எங்கள் வீட்டுச் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. பென்சில் ரப்பரை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்தேன். மூக்குத்தி துலக்குகிற பொறுமை வேண்டும், எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். புள்ளிகள் பளிச்சென்று வெளியே வந்தன. துடைத்து, மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். ஒரு மூச்சு இழுப்பு. பிறகு ‘ர்ர்ர்’ என்று தகடு சுழல ஆரம்பித்தது. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் வேலை அங்கே முடியவில்லை. ஓடுகிறதே என்று ஃபைலைத் திறந்து பார்க்கிறவர்கள்தான் கடைசியில் எல்லாவற்றையும் தொலைக்கிறார்கள். மோசமான இடத்தில், தகட்டைப் படிக்கிற ஊசி சிக்கி மொத்தமும் நின்றுபோகும். எதையும் திறக்காமல், டிஸ்க்கில் இருப்பதை அப்படியே இன்னொரு புது டிஸ்க்குக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கென்று இலவசமாக ஒரு புரோகிராம் இருக்கிறது. படிக்க வருவதை முதலில் எடுத்துக்கொள்ளும், வராத இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப்போகும், கடைசியில் திரும்பி வந்து விட்டுப்போன இடங்களை மறுபடி மறுபடி தட்டிக் கேட்கும். எனக்கு அந்தப் புரோகிராமைப் பிடித்துப்போனது. அதுவும் என்னைப் போலத்தான், இல்லை என்றால் உடனே திரும்புகிற சாதி இல்லை. இன்னொரு டிஸ்க்கில் இறக்கினால் இரண்டாவது பிரதி ஆகிவிடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அந்த அக்காவிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். “ரெண்டையும் எங்கிட்ட கொண்டுவந்து அழிச்சிரு தங்கச்சி,” என்றார்.

திங்களும் செவ்வாயும் அதன் பக்கத்திலேயே கிடந்தேன். டிஸ்க் சூடானால் தடுமாறும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வீட்டுக்காரர் விசிறிக்கொண்டு சாப்பிட்டார். நடுவில் கரண்ட் போனது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதைக் கேட்கவா வேண்டும்? நல்லவேளை, புரோகிராம் விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கியது. பெண்ணின் மாமா தினமும் வந்து வாசலில் நின்று, “என்னக்கா, ஏதும் நடக்கா?” என்று கேட்பார். ஊருக்கு வந்தும் அருவியில் குளிக்க முடியாத கடுப்பு அவருக்கு. “ஓடுது தம்பி, போயிட்டு நாளைக்கு வாங்க,” என்பேன். அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். திரையில் வெறும் எண்கள்தான் ஓடின, ஆனாலும் பார்க்க மாட்டார்.

புதன்கிழமை காலையில், புது டிஸ்க்கில் வந்த வரைக்கும் திறந்து பார்த்தேன். மருதாணி வந்திருந்தது. பாட்டு வந்திருந்தது. பெண்ணை உடுத்தியது வந்திருந்தது. பெண்கள் பந்தி மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. பிரியாணியை யாரும் தேடப் போவதில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் கருகமணி கட்டுகிற ஃபைலைத் திறந்தால், மாப்பிள்ளையின் உம்மா கையைத் தூக்குகிறார், அதோடு திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

போகட்டும் என்று விட எனக்கு நியாயமான காரணங்கள் நிறைய இருந்தன. முக்கால்வாசி கிடைத்துவிட்டது, டிஸ்க்கின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது, மறுநாள் விமானம். வீட்டுக்காரரே, “இந்த மட்டும் கொடுத்து அனுப்பிருவோமே,” என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். முன்னாலிருந்து படித்தால் சிக்குகிற இடத்தைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த இடத்தை மட்டும் தலைகீழாக, கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்லிவிட்டேன். டிஸ்க் முனகியது. நின்றது. அணைத்து, ஆற விட்டு, மறுபடி போட்டேன். “வாலே, வந்துருலே,” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் அந்த இடம் நிரம்பியது. அதோடு டிஸ்க் கடைசியாக ஒருமுறை டிக்கென்று சொல்லிவிட்டு நின்றுபோனது. அப்புறம் அது எழவே இல்லை.

ஃபைலைத் திறந்தேன். மாப்பிள்ளையின் உம்மா கையைத் தூக்குகிறார், கருகமணியைப் பெண்ணின் கழுத்தில் கட்டுகிறார், பெண்கள் குலவையிடுகிறார்கள். பெண் தலை நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அன்று நானே அதைக் கவனிக்கவில்லை, கூட்டத்தில் யாரோ தோளில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நகையும் பூவுமாக உட்கார்ந்துகொண்டு, தினமும் போனில் கேட்கிறதையே கேட்கிறாள்: “வாப்பா, சாப்ட்டியளா?”

வியாழக்கிழமை விடிந்ததும் மாமா கையில் பென்டிரைவைக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

அடுத்த வாரம் அந்த அக்கா கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் பட்டறை டிரில்லிங் மெஷினோடு கூட வந்து, செத்த டிஸ்க்கைக் கொல்லையில் வைத்துத் துளைத்தார். புது டிஸ்க்கில் இருந்ததை அந்த அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை என் கையாலேயே அழிக்கும்போது வலிக்கத்தான் செய்தது. என்னை மறக்கச் சொன்ன ஒருத்தருக்குக்கூடக் காட்ட என்னிடம் இப்போது ஆதாரம் கிடையாது. இல்லாவிட்டால் என்ன? எடுத்தேன், அவ்வளவுதான்.

“பாத்துட்டாவளா?” என்று கேட்டேன்.

அந்த அக்கா சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. அவர் வீட்டுக்காரர் தங்கியிருப்பது பல ஆண்கள் சேர்ந்து இருக்கிற ஒரே அறை. வெள்ளிக்கிழமை லீவு, எல்லாரும் அறையில்தான் இருந்திருக்கிறார்கள். வேறு ஆண் யாரும் பார்க்கக்கூடாதே. அதனால் மனிதர் கட்டிலில் படுத்து, போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, அந்த வெக்கையில் உள்ளேயே முழு வீடியோவையும் பார்த்திருக்கிறார். வெளியே இருந்தவர்களுக்குப் போர்வை குலுங்குவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. குளிர் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்களாம். அவர் முகத்தை வெளியே எடுத்தபோது கண்ணெல்லாம் சிவந்து, வேர்த்து நனைந்திருந்ததைப் பார்த்து ஒருத்தர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்.

“மாத்திரை நீட்டுனவர்ட்ட என்ன சொன்னாவளாம்?” என்றேன்.

“என்ன சொல்ல முடியும்? மாத்திரைய வாங்கிப் போட்டுக்கிட்டாவளாம்.”